முட்டைக்கு நிழல் முக்கியம்: பாலைவனப் பறவைப் பயணம் பற்றி வாசகர் கேள்விகள்

தில்லியிலிருந்து காரில் கிளம்பி, தார்ப் பாலைவனத்துப் பறவைகளையும் அவற்றின் கூடுகளையும் பார்த்துவர விரும்பும் வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

பிள்ளைகளுக்கு மே, ஜூனில்தான் நீண்ட விடுமுறை. தரையில் கூடு கட்டும் பறவைகள் அப்போதுதான் அதிகம் முட்டையிடும் என்று படித்தேன். அந்தச் சமயத்திலேயே போகலாமா?
– வாசகர், கரோல் பாக்

நீங்கள் படித்தது சரிதான். ஆனாலும் அப்போது போக வேண்டாம். உங்கள் வசதிக்காகச் சொல்லவில்லை, முட்டைகளுக்காகச் சொல்கிறோம். உங்கள் வழியில் வரப்போகும் பலோடி ஊரில் 2016 மே 19 அன்று வெயில் 51 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அந்த மாதிரி நாட்களில் மணலின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டிவிடும். முட்டைக்குள் இருக்கும் கருவுக்குத் தேவை 37, 38 டிகிரி. 40, 41 டிகிரிக்கு மேல் நீடித்தால் கரு பிழைப்பது அரிது. தாய்ப்பறவை எழுந்து போனால் வெறும் மணலில் கிடக்கும் முட்டை அந்த அளவைத் தாண்டச் சில நிமிடங்களே போதும். நீங்கள் நல்ல எண்ணத்தோடு ஐம்பதடி தள்ளி நின்று பார்த்தாலும் அந்தச் சில நிமிடம் பறிபோய்விடும்.

இரண்டு பருவங்கள் பொருத்தமானவை. ஒன்று, பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை. காலையில் இதமாக இருக்கும். வன்னி மரங்களில் கூடுகள் தொடங்கியிருக்கும், புறா அளவிலான தரைப்பறவைகளான கல்கௌதாரிகளும் முட்டையிட்டுக் கொண்டிருக்கும். இன்னொன்று, மழை இறங்கிய பிறகு ஆகஸ்டும் செப்டம்பரும். புல் தழைத்து, பூச்சி பெருகி, வானம்பாடிகளும் தூக்கணாங்குருவிகளும் மும்முரமாக இருக்கும் நேரம் அது. பள்ளி விடுமுறையை விட முடியாது என்றால் ஜனவரி முதல் பாதியில் வரும் குளிர்கால விடுமுறையைப் பயன்படுத்துங்கள். தரைக்கூடுகள் அதிகம் இராது. ஆனால் கழுகுகள், பூனைப்பருந்துகள், கொக்குகள் எல்லாம் குவிந்திருக்கும். பாறுகள் என்ற பிணந்தின்னிக் கழுகுகள் மரத்திலும் பாறையிலும் அடைகாப்பதைத் தொலைவிலிருந்தே பார்க்கலாம். பிள்ளைகளுக்கு அதுவே நிறைவாக இருக்கும்.

எந்த வழியாகப் போவது, எங்கே எத்தனை நாள் தங்குவது?
– வாசகி, ஜனக்புரி

ஜெய்சால்மர் வரை போய்த் திரும்ப எட்டு நாளாவது வேண்டும். ஐந்து நாள்தான் இருக்கிறது என்றால் பிகானேரோடு திரும்பிவிடுங்கள். தினமும் 400 கிலோமீட்டர் ஓட்டுபவர் பறவை பார்க்க மாட்டார்.

முதல் நாள் ரோத்தக், ஹிசார், ராஜ்கர், சூரு, ரத்தன்கர் வழியாகத் தால் சாப்பர். சுமார் 350 கிலோமீட்டர். சரணாலயம் 7 சதுர கிலோமீட்டர்தான், ஆனால் முழுக்கப் புல்வெளி. வெளிமான்கள் கூட்டம் கூட்டமாக மேயும். குளிர்காலத்தில் பூனைப்பருந்துகள் மாலையில் வந்து தரையிலேயே அடையும். பக்கத்துக் கோசாலையை ஒட்டிய வன்னி மரங்களில் ஸ்பாட்டட் க்ரீப்பர் என்ற சிறு பறவையைத் தேடுங்கள். படுக்கையாகப் போகும் கிளையின் மேல் சிலந்தி வலையால் இழுத்து ஒட்டிய கிண்ணக்கூடு அதனுடையது. பட்டையின் நிறமும் கூட்டின் நிறமும் ஒன்றாகவே இருப்பதால் நேரே பார்த்தாலும் கிளை முடிச்சு என்றுதான் தோன்றும். பறவை இரை கொண்டுவந்து கொடுத்த பிறகே அங்கே கூடு இருப்பது தெரியும். இங்கே இரண்டு இரவு தங்குங்கள்.

அடுத்து பிகானேர். ஊருக்கு வெளியே ஜோர்பீரில் செத்த கால்நடைகளைப் போடும் இடத்தில் பாறுகளும் ஸ்டெப்பி கழுகுகளும் நூற்றுக்கணக்கில் இறங்கும். காரை விட்டு இறங்க வேண்டாம், அங்குள்ள தெருநாய்க் கூட்டம் ஆபத்தானது. மாட்டுக்குக் கொடுக்கும் டைக்லோஃபெனாக் வலி மருந்து பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றதால் 2006-ல் அது கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டது. கீட்டோபுரோஃபென், ஏசிகுளோஃபெனாக் இரண்டுக்கும் 2023-ல் தடை வந்தது. இந்தப் பின்னணி தெரிந்து பார்த்தால் அந்த நாற்றம் பிடித்த மைதானத்தின் மதிப்பு புரியும்.

பிறகு பலோடி அருகே கீச்சன். குர்ஜா என்று அங்குள்ளவர்கள் அழைக்கும் டெமாசெல் கொக்குகள் செப்டம்பர் முதல் மார்ச் வரை அங்கே இருக்கும். ஊர்க்காரர்கள் தலைமுறைகளாகத் தானியம் இடுகிறார்கள். சூரியன் உதிக்கும் முன்பே போய்விடுங்கள். கூடு இருக்குமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். இருக்காது, அவை முட்டையிடுவது மத்திய ஆசியாவிலும் மங்கோலியாவிலும். கடைசியாக ஜெய்சால்மர். பாலைவனத் தேசியப் பூங்காவுக்கு அங்குள்ள வனத்துறை அலுவலகத்தில் முன்னதாகவே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், எல்லோருடைய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். எல்லை மாவட்டம் என்பதால் ட்ரோன், சாட்டிலைட் போன் இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

சாப்பாடு பற்றிக் கேட்டவர்களுக்கு: முதல் நாளுக்குப் புளியோதரை தாங்கும், தயிர் சாதம் தாங்காது. அதன் பிறகு வழியெல்லாம் பாஜ்ரா ரொட்டியும் மோரும் கிடைக்கும். குடிதண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர்.

அவ்வளவு வெயிலில் முட்டை வெந்துவிடாமல் இந்தப் பறவைகள் எப்படிக் காப்பாற்றுகின்றன? அடைகாப்பது என்றால் சூடு கொடுப்பது என்றுதானே படித்தோம்?
– மாணவி, லோதி ரோடு

நல்ல கேள்வி. பாலைவனத்தில் விடிகாலையிலும் இரவிலும் சூடு கொடுப்பதும், பகலில் சூட்டைத் தடுப்பதும் என்று பெற்றோருக்கு இரண்டு வேலை. முற்பகல் வரை உட்கார்ந்திருக்கும் பறவை, வெயில் ஏறியதும் பாதி எழுந்து, கால்களை விரித்து, இறக்கையைச் சற்றே தொங்கவிட்டு முட்டைகளின் மேல் நிற்கும். வாயைத் திறந்து மூச்சிரைக்கும். அப்போது அது கொடுப்பது நிழல் மட்டும். உடலுக்கும் முட்டைக்கும் இடையில் காற்றுப் போக வழி விடுகிறது.

ஆள்காட்டிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. சிவப்பு மூக்கு ஆள்காட்டியும் மஞ்சள் மூக்கு ஆள்காட்டியும் பக்கத்துக் குட்டையில் இறங்கி, வயிற்றுச் சிறகை நனைத்துக்கொண்டு ஓடிவந்து முட்டைமேல் உட்காரும். நீர் ஆவியாகும்போது முட்டையின் சூட்டை இழுத்துக்கொள்ளும். வெயில் கடுமையான நாளில் ஆணும் பெண்ணும் மாறி மாறி இதைச் செய்யும். அதனால்தான் கோடையில் ஒரு சின்னத் தண்ணீர்த் தேக்கத்தின் கரையில் நாம் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டால், கண்ணுக்கே தெரியாத ஒரு கூட்டுக்கு நாம் தண்ணீரை மறித்தவர்கள் ஆகிறோம்.

கல்கௌதாரியின் ஏற்பாடு வேறு. கூடு என்று சொல்ல எதுவும் இல்லை. ஒட்டகத்தின் காலடித் தடம் அளவுக்கு ஒரு பள்ளம், அதில் இரண்டு அல்லது மூன்று முட்டை. பகலில் மணல் நிறப் பெண் உட்காரும், இரவில் ஆண். குஞ்சு பொரித்த சில மணி நேரத்தில் தானே நடந்து விதை பொறுக்கத் தொடங்கிவிடும். ஆனால் காய்ந்த விதையில் தண்ணீர் இல்லையே. ஆண் பறவை காலையில் நீர்நிலைக்குப் போய், வயிற்றை நீரில் அமிழ்த்தி முன்னும் பின்னும் ஆட்டும். அதன் வயிற்றுச் சிறகின் நுண்ணிழைகள் காய்ந்திருக்கும்போது சுருண்டிருக்கும், நனைந்ததும் பிரிந்து நீரைப் பிடித்துக்கொள்ளும். பல கிலோமீட்டர் பறந்து திரும்பி, நிமிர்ந்து நிற்கும். குஞ்சுகள் அடியில் புகுந்து ஒவ்வொரு சிறகாக அலகில் உருவி நீரைக் குடிக்கும். தார்ப் பகுதியில் கல்கௌதாரிகள் நீருக்கு வருவது சூரியன் உதித்து இரண்டு, மூன்று மணி நேரம் கழித்து. ஏழரை மணிக்கே போய், கரையிலிருந்து 60, 70 மீட்டர் தள்ளி காரை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளேயே இருங்கள். குடித்துவிட்டுச் சட்டென்று கிளம்புவது வெறும் தாகத்துக்கு வந்தது. நீரில் அமர்ந்து ஆடி, பிறகு தாழப் பறந்து போவது குஞ்சுள்ள ஆண். அது போகும் திசையில் காரை விடாதீர்கள்.

வானம்பாடிகள் இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலையை முடித்துவிடுகின்றன. புல் கொத்தின் எந்தப் பக்கம் பிற்பகல் வெயில் படாதோ அந்தப் பக்கம் கிண்ணம் தோண்டி, விளிம்பில் சிறு கற்களை அடுக்கும். இதைத் திசைகாட்டி வைத்து நீங்களே சரிபார்க்கலாம், போனிலேயே இருக்கிறது. கொண்டலாத்திபோல் நீண்டு வளைந்த அலகுள்ள பாலைவன வானம்பாடி ஒன்று உண்டு. வெயில் கடுமையானால் தரையை விட்டுவிட்டுச் சிறு புதரின் மேல் கூடு வைக்கும். தரைக்குச் சற்று மேலேயே காற்று பல டிகிரி குறைந்திருக்கும் என்பது அதற்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

கூட்டைக் கலைக்காமல் கண்டுபிடிக்க என்ன வழி? நடந்து தேடினால் காலடியில் மிதித்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகர், ஆர்.கே.புரம்

உங்கள் பயம் சரியானது. நடந்து தேடாதீர்கள். உட்கார்ந்து தேடுங்கள். 8x42 பைனாகுலர் போதும். ஸ்பாட்டிங் ஸ்கோப் இருந்தால் இன்னும் நல்லது, 20 முதல் 60 மடங்கு வரை பெருக்குவது.

காரை மறைவிடமாகப் பயன்படுத்துங்கள். ஆடு மேய்ப்பவரின் ஜீப்பைப் பார்த்துப் பழகிய பறவை நின்ற காரைப் பொருட்படுத்தாது. கதவு திறந்து ஒரு கால் வெளியே வந்ததும் ஓடும். சாலை ஓரமாக நிறுத்தி, முதல் பத்து நிமிடம் ஒன்றும் தேட வேண்டாம். பிறகு ஒரே பறவையைப் பிடித்துக்கொண்டு விடாமல் பாருங்கள். அலகில் புல் நார் அல்லது வெட்டுக்கிளி வைத்துக்கொண்டு தின்னாமல் திரியும் பறவைக்குக் கூடு இருக்கிறது. தலையைத் தாழ்த்தி ஒரே திக்கில் குடுகுடுவென ஓடி, நின்று, சுற்றிப் பார்த்து, மறுபடி ஓடும் கல்குருவி (நீண்ட கால்கள் கொண்ட தரைப்பறவை) முட்டைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. கடைசியில் அது உட்கார்ந்து, மார்பை இப்படியும் அப்படியும் அசைத்து அமர்த்தும். அந்த அசைவைப் பார்த்தால் கூடு உறுதி.

ஆள்காட்டியை அவசரப்பட்டு நம்பாதீர்கள். வெறும் தரையில் அடைகாப்பதுபோல் உட்கார்ந்து ஏமாற்றும், நீங்கள் நெருங்கியதும் எழுந்து இன்னோரிடத்தில் உட்காரும். இறக்கை ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு போகிறது என்றாலோ, தலைக்கு மேல் கத்திக்கொண்டு பாய்கிறது என்றாலோ, நீங்கள் ஏற்கனவே அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அந்த இடத்திலேயே நின்று, தரையைப் பார்த்து, வந்த தடத்திலேயே திரும்புங்கள். பக்கவாட்டில் விலகினால் இன்னொரு முட்டை காலடியில் இருக்கலாம்.

கூட்டை அடையாளம் வைக்கக் குச்சி நடுவது, துணி கட்டுவது, கல் குவிப்பது எல்லாம் தவறு. காக்கை அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மனிதர் அடிக்கடி நிற்கும் இடத்துக்கு நாயும் வந்து மோப்பம் பிடிக்கும். அதற்குப் பதிலாக, எருக்கஞ்செடிக்கும் மூன்றாவது வேலிக்கல்லுக்கும் நேர்கோட்டில், எருக்கிலிருந்து இவ்வளவு தூரம் என்று இரண்டு நிலையான அடையாளங்களை நோட்டில் எழுதுங்கள். போனில் பறவைக் குரல் ஒலிக்கவிட்டு அழைப்பதையும் இந்தப் பயணத்தில் மறந்துவிடுங்கள். குரல் கேட்டுப் போட்டியாளன் வந்துவிட்டான் என்று எழுந்து வரும் பறவை, முட்டையைத் திறந்துபோட்டுவிட்டு வருகிறது.

நேரக் கணக்கு ஒன்று: நீங்கள் வந்ததால் எழுந்த பறவை ஐந்து நிமிடத்தில் திரும்பவில்லை என்றால் காரை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். காலை ஒன்பதுக்குப் பிறகு அந்த ஐந்து நிமிடமும் கிடையாது, உடனே கிளம்ப வேண்டியதுதான்.

எங்களிடம் இருப்பது சாதாரண ஃப்ரண்ட் வீல் டிரைவ் கார். மணலில் சிக்கினால் என்ன செய்வது?
– வாசகர், துவாரகா

முதலில், சாலையை விட்டு இறங்காதீர்கள். டயர் போகும் தடத்தில் கல்கௌதாரியோ கல்குருவியோ முட்டையிட்டிருந்தால் ஓட்டுநர் இருக்கையிலிருந்து தெரியவே தெரியாது. ஆனால் ஜெய்சால்மருக்கு மேற்கே ஒற்றைத் தார்ச்சாலையின் மேலேயே காற்று மணலைக் குவித்துவிடும், அதில் சிக்குவது சகஜம்.

சிக்கியதும் எல்லோரும் செய்வது ஆக்சிலரேட்டரை மிதிப்பது. சக்கரம் சுழன்று தன் குழியைத் தானே தோண்டி, காரின் அடிவயிறு மணலில் உட்கார்ந்துவிடும். அதன் பிறகு நான்கு பேர் தள்ளினாலும் நகராது. க்ளட்ச் கருகும் வாசனை வந்துவிட்டால் அன்றைய பயணம் முடிந்தது. கார் முன்னே போகாது என்று தெரிந்த நொடியிலேயே நிறுத்துங்கள். எல்லோரும் இறங்குங்கள். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும், அடியிலும் உள்ள மணலைக் கையாலோ தட்டாலோ வாரி அகற்றுங்கள். சாதாரணமாக 32 பி.எஸ்.ஐ. உள்ள டயர்க் காற்றை 18 அல்லது 20-க்கு இறக்குங்கள். டயர் தட்டையாகிப் பரப்பு கூடும், மணலுக்குள் இறங்காது. சக்கரத்தடியில் ஒரு சாக்கைச் செருகி, ரிவர்ஸில் மெதுவாக எடுங்கள். வந்த தடம் ஏற்கனவே அழுந்தி இறுகியிருப்பதால் பின்னால் வருவதுதான் சுலபம். கெட்டிச் சாலைக்கு வந்ததும் காற்றை மறுபடி நிரப்ப வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாக ஓட்டினால் டயர் சூடாகி வெடிக்கும். அதற்காக 12 வோல்ட் கம்ப்ரஸர் ஒன்று டிக்கியில் அவசியம்.

ஜாக்கி வைக்க ஓரடி சதுரத்தில் கனமான பிளைவுட் பலகை ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் கார் உயராது, ஜாக்கிதான் மணலுக்குள் இறங்கும். சீமைக்கருவேல முள் டயரில் ஏறியிருந்தால் பிடுங்காதீர்கள். ட்யூப்லெஸ் டயரில் முள்ளே அடைப்பாக இருந்து பஞ்சர் கடை வரை கொண்டு சேர்க்கும். ஏர் ஃபில்டரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கழற்றித் தட்டிவிடுங்கள்.

இருட்டிய பிறகு ஓட்ட வேண்டாம். ஒட்டகமும் மாடும் ஒரு காரணம். பக்கிகள் என்ற இரவுப் பறவைகள் இன்னொரு காரணம். பகல் சூட்டை வைத்திருக்கும் தாரின் மேல் வந்து உட்காரும். ஹெட்லைட்டில் கண் மட்டும் சிவப்பாக மின்னும். தவிர்க்க முடியாமல் ஓட்டினால் 30-க்கு மேல் போகாதீர்கள்.

கானமயிலின் கூட்டைப் பார்க்க முடியுமா?
– வாசகி, முனிர்கா

முடியாது, முயலவும் கூடாது. கிரேட் இந்தியன் பஸ்டர்ட் என்ற இந்தப் பெரிய புல்வெளிப் பறவை இயற்கையில் மிஞ்சியிருப்பது 150-க்கும் குறைவு, பெரும்பாலானவை ஜெய்சால்மர் வட்டாரத்தில். பெண் பறவை ஒரு முறைக்குப் பெரும்பாலும் ஒரே முட்டைதான் இடும், திறந்த புல்வெளியில், வெறும் தரையில். ஏறத்தாழ நான்கு வாரம் தனியாகவே அடைகாக்கும். அந்த ஒரு முட்டை போனால் அந்த ஆண்டின் முயற்சியே போய்விடலாம். 3,162 சதுர கிலோமீட்டர் பாலைவனத் தேசியப் பூங்காவில் சுதாசரியின் வேலியடைத்த பகுதி போன்ற இடங்களில், வனத்துறை அனுமதிக்கும் பாதையிலிருந்து பறவையைப் பார்க்கும் வாய்ப்பு உண்டு. அதிகாலையில் சேவன் புல்லுக்கு மேல் வெள்ளைக் கழுத்து தெரிந்தால் அதுவே பெரும் பேறு.

கூட்டைவிட அவசரமாக நீங்கள் பார்க்க வேண்டியது தலைக்கு மேலே போகும் மின்கம்பிகளை. கானமயிலுக்குப் பக்கப் பார்வை நன்றாக உண்டு, நேர் எதிரே உள்ள பார்வை குறுகியது. கனத்த உடம்பு, கடைசி நொடியில் திரும்ப முடியாது. 2021-ல் உச்ச நீதிமன்றம் முக்கியப் பகுதிகளில் கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொன்னது. 2024-ல் அந்த உத்தரவைத் திருத்தி நிபுணர் குழுவிடம் விட்டது. சாமிலும் ராம்தேவ்ராவிலும் இனப்பெருக்க மையங்கள் இயங்குகின்றன. 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் மூலம் முதல் குஞ்சு பொரிந்தது. பறவைகளைத் திருப்பச் சில கம்பிகளில் வட்டத் தகடுகள் தொங்கவிட்டிருப்பார்கள். எந்தக் கம்பியடியிலாவது செத்த பறவை கிடந்தால் தொடாமல், கம்பத்தில் எழுதியுள்ள எண்ணோடு படம் எடுத்து வனத்துறையிடம் கொடுங்கள். சுற்றுலாப் பயணி ஒருவர் கானமயிலுக்குச் செய்யக்கூடிய உருப்படியான உதவி அது.

காலியான கூட்டைப் பிள்ளைகளின் பள்ளிப் புராஜெக்டுக்கு எடுத்து வரலாமா?
– வாசகர், சரோஜினி நகர்

வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்குள் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். காலியா இல்லையா என்று ரோட்டிலிருந்து பார்த்துச் சொல்லவும் முடியாது. லக்கர் வல்லூறு தானாகக் கூடு கட்டுவதே இல்லை, பருந்தும் காக்கையும் விட்டுப்போன பழைய கூட்டில்தான் முட்டையிடும். நீங்கள் எடுத்து வரும் பழைய சுள்ளிக் கூடு அடுத்த ஜனவரியில் அதன் வீடு. புராஜெக்டுக்குக் கூட்டை வரைந்து வரச் சொல்லுங்கள்.

நல்ல லென்ஸ் வாங்கியும் பாலைவனத்தில் எடுத்த படமெல்லாம் கலங்கலாக வருகிறது. என்ன காரணம்?
– வாசகர், நொய்டா

லென்ஸில் குறை இல்லை, காற்றில்தான். தரை சூடாகி எழும் காற்று ஒளியை வளைக்கிறது. சூரியன் உதித்து இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள். பிறகு எத்தனை மெகாபிக்ஸல் இருந்தாலும் தூரத்துப் பறவை தெளியாது. குளிர்காலத்தில் பலர் கவனிக்காதது, காருக்குள்ளிருக்கும் ஹீட்டர். உள்ளே ஒரு சூடு, வெளியே ஒரு சூடு என்றால் ஜன்னலருகிலேயே காற்று அலையும். ஹீட்டரோ ஏ.சி.யோ, பத்து நிமிடம் முன்பே அணைத்துக் கண்ணாடிகளை முழுக்க இறக்கிவிடுங்கள். லென்ஸைத் தாங்க வெறும் துணிப்பையைத் தைத்து எடுத்துப்போய், சூருவில் ஏதாவது மளிகைக் கடையில் இரண்டு கிலோ கம்பு வாங்கி நிரப்புங்கள். திரும்பும்போது அதைக் கீச்சன் கொக்குகளுக்குத் தானியம் இடுபவர்களிடம் கொடுத்துவிடலாம். மணல் பறக்கும் இடத்தில் லென்ஸ் மாற்றாதீர்கள். தூசியைத் துணியால் துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும், ப்ளோயரால் ஊதுங்கள். கூட்டை மறைக்கும் புல்லை ஒதுக்கிவிட்டுப் படம் எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: நீங்கள் ஒதுக்கிய அந்தப் புல்தான் முட்டையின் நிழல்.

கூடு பார்த்தால் என்னென்ன குறித்துக்கொள்ள வேண்டும்?
– ஆசிரியை, தமிழ்ப் பள்ளி, மந்திர் மார்க்

முட்டையை அளக்கவோ எண்ணவோ கிட்டப் போக வேண்டாம். தூரத்திலிருந்தே எழுதக்கூடியவை நிறைய. தேதி, மணி, காற்றின் வெப்பம், மேகம் உண்டா. எந்தச் செடி, அதன் உயரம், செடியின் எந்தத் திசையில் கூடு. மண்ணா, சரளையா, புல்லா. பக்கத்தில் நீர் எவ்வளவு தூரம். இவற்றைவிட முக்கியமாக, பெற்றோரின் நேரம்: எப்போது எழுந்தது, எப்போது திரும்பியது, உட்கார்ந்ததா அல்லது நின்று நிழல் கொடுத்ததா, வயிறு நனைந்திருந்ததா. ஒரு மாணவர் கடிகாரத்தைப் பார்க்க, இன்னொருவர் பைனாகுலரில் பார்த்துச் சொல்ல, மூன்றாமவர் எழுதினால் ஒரு மணி நேரத்தில் நல்ல அட்டவணை தயாராகிவிடும். உட்காரும் பறவை எந்த வெப்பத்தில் எழுந்து நிற்கத் தொடங்குகிறது என்பதை அந்த அட்டவணையே காட்டும். கூட்டின் இடத்தை நோட்டில் மட்டும் வையுங்கள். வாட்ஸ்ஆப்பில் போடும் படத்தில் போனின் லொகேஷன் குறிப்பை அணைத்துவிட வேண்டும்.

பாலைவனம் இருக்கட்டும். எங்கள் அடுக்குமாடி மொட்டை மாடியில், சரளை பரப்பிய மூலையில் சிவப்பு மூக்கு ஆள்காட்டி நான்கு முட்டை இட்டிருக்கிறது. மாமனார் முட்டைகளைக் கீழே தோட்டத்துக்கு மாற்றலாம் என்கிறார். என்ன செய்வது?
– வாசகி, மயூர் விஹார்

மாற்றாதீர்கள். சட்டப்படியும் தவறு. இடம் மாறிய முட்டையை அது ஏற்காமல் கைவிட்டுவிடக்கூடும். 28 முதல் 30 நாளில் பொரித்துவிடும், மாமனாரைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். துணி காயப்போடுவதை மாடியின் மறுபாதிக்கு மாற்றி, நடுவில் ஒரு கயிறு கட்டிவிடுங்கள். கூட்டிலிருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளி, இரண்டங்குல ஆழத்துக்குமேல் இல்லாத அகலத் தட்டில் தினமும் தண்ணீர் வையுங்கள். வயிறு நனைத்துக்கொள்ள அதுவே போதும். முட்டைக்கு மேலே குடை, பந்தல் எதுவும் கட்டாதீர்கள், பயந்து கூட்டுக்கு வராமல் போகும். சற்றுத் தள்ளி இரண்டு செங்கல்மேல் ஒரு பலகை வைத்தால் குஞ்சுகளுக்கு நிழலாகும்.

மழைக்கு முன் வடிகால் துளையைச் சுத்தம் செய்துவிடுங்கள். மொட்டை மாடிக் கூடுகள் அழிவது பெரும்பாலும் நீர் தேங்கித்தான். குஞ்சு பொரிக்கும் நாளில் அதே துளைக்குக் கம்பி வலை வையுங்கள், இல்லாவிட்டால் குஞ்சு உள்ளே விழுந்துவிடும்.

பொரித்த குஞ்சு தானே பூச்சி தேடித் தின்னும், பெற்றோர் ஊட்டாது. சுற்றிலும் உயரமான கைப்பிடிச்சுவர் உள்ள மாடியில் பூச்சியும் இல்லை, இறங்க வழியும் இல்லை. எனவே இப்போதே வனத்துறையிடமோ பறவை மீட்பவர்களிடமோ சொல்லிவையுங்கள். நான்கும் பொரித்து உடல் காய்ந்த பிறகு, விடிகாலையில் அவர்கள் ஓர் அட்டைப்பெட்டியில் எடுத்துப் பக்கத்துப் புல்வெளியில் விடுவார்கள். பெற்றோர் தலைக்கு மேலே கத்திக்கொண்டு கூடவே வரும், வரட்டும். பெட்டியை அவை பார்க்கும்படி திறந்து வைத்துத் தள்ளி நிற்க வேண்டும். ஒன்றாவது இறங்கிவந்து குஞ்சுகளைக் கூப்பிடும் வரை அங்கிருந்து நகரக் கூடாது, காக்கையும் நாயும் அந்தச் சில நிமிடத்துக்குத்தான் காத்திருக்கும்.